தோற்பது அணி, வேலை போவது பயிற்சியாளருக்கு

ஒரு கால்பந்து அணி வாரக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்தால் அதற்குப் பொறுப்பு பயிற்சியாளரா, வீரர்களா? இந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும். பயிற்சியாளரை ஆதரிப்பவர்கள் "அவரா உள்ளே இறங்கி கோல் அடிக்க முடியும்?" என்பார்கள். வீரர்களை ஆதரிப்பவர்கள் "போன சீசன் இதே பையன்கள்தானே பிரமாதமாக ஆடினார்கள்?" என்பார்கள். இரண்டுமே பாதி சரி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு அணி தன்னிடம் இருக்கும் ஆட்களின் தரத்துக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் பொறுப்பு பயிற்சியாளருடையது. தரத்துக்கு ஏற்றபடி ஆடியும் தோற்றுக்கொண்டிருந்தால், அந்த ஆட்களைச் சேர்த்த கிளப் நிர்வாகத்துடையது. வீரர்களை மட்டுமே குற்றம் சொல்லக்கூடிய நேரங்களும் உண்டு. ரசிகர்கள் நினைக்கிற அளவுக்கு அவை அடிக்கடி வருவதில்லை. சிக்கல் என்னவென்றால், ஒரு அணியின் உண்மையான தரம் என்ன என்பதை லீக் பட்டியல் சொல்லாது. பல நேரங்களில் பட்டியல் நம்மை ஏமாற்றும்.

கிளாடியோ ரனியேரியை எடுத்துக்கொள்வோம். 2014 நவம்பரில் அவர் கிரீஸ் தேசிய அணியின் பயிற்சியாளர். சொந்த மைதானத்தில் ஃபாரோ தீவுகளிடம் 0-1 என்று தோற்றார்கள். உடனே வேலை போனது. அடுத்த வருடம் இங்கிலாந்து கிளப் லெஸ்டர் சிட்டிக்கு வந்தார். 2016 மே மாதம் அதே மனிதர் 81 புள்ளிகளுடன் இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினார். சீசன் தொடக்கத்தில் அந்த அணி ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டியவர்களுக்கு ஒன்றுக்கு ஐயாயிரம் கிடைத்தது. அப்புறம் 2017 பிப்ரவரியில் லெஸ்டர் கீழ் டிவிஷனுக்கு இறங்கும் இடங்களுக்கு ஒரே ஒரு புள்ளி மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வருடம் பிறந்ததிலிருந்து லீக்கில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ரனியேரியை அனுப்பிவிட்டார்கள். மூன்று வருடம்கூட ஆகாத காலத்தில் ஒரே ஆள் முட்டாள், மேதை, மறுபடியும் முட்டாள் என்று மூன்று பட்டம் வாங்கினார். அவர் மூளை அப்படியா மாறியிருக்கும்?

மாறியது வேறு. சாம்பியன் ஆன கையோடு லெஸ்டரின் மிட்ஃபீல்டர் என்கோலோ கான்டே செல்சீக்குப் போய்விட்டார். லெஸ்டரின் ஆட்டமே பந்தை எதிரணியிடம் விட்டுவிட்டு, நடுவில் பறித்து, ஸ்ட்ரைக்கர் ஜேமி வார்டியின் ஓட்டத்துக்கு முன்னால் போடுவதுதான். அந்தப் பறிக்கிற வேலையில் பெரும் பங்கு கான்டேயுடையது. அவர் போனதும் பின்வரிசைக்கு முன்னால் ஒரு பெரிய இடம் காலியாகிவிட்டது. வயதான டிஃபெண்டர்கள் அதுவரை ஓட வேண்டியிராத இடங்களுக்கு ஓட வேண்டியிருந்தது. அடுத்த சீசன் கான்டே ஆடிய செல்சீ சாம்பியன். இதைப் பார்த்தால் லெஸ்டரின் சரிவுக்கு ரனியேரியைக் குற்றம் சொல்வது அநியாயமாகத் தெரியும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ரனியேரி போனதும் அவருடைய உதவியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்றார். முதல் ஆட்டத்திலேயே லிவர்பூலை 3-1 என்று அடித்தார்கள். தொடர்ந்து ஐந்து லீக் ஆட்டங்களில் வெற்றி. கான்டே திரும்பி வரவில்லை, அதே ஆட்கள்தான். கடைசியில் 12-வது இடம். அப்படியானால் ரனியேரி மேல்தான் தப்பா? "பாருங்கள், வீரர்கள் வேண்டுமென்றேதான் ஆடாமல் இருந்தார்கள்" என்று அன்று எழுதாதவர் குறைவு.

புதுப் பயிற்சியாளர் வந்ததும் அணி துள்ளி எழுவதை எல்லோரும் கவனித்திருப்போம். இதை ஒரு பொருளாதார அறிஞர் ஒழுங்காக அளந்து பார்த்திருக்கிறார். பாஸ் டெர் வேல் என்பவர் 1986 முதல் 2004 வரையிலான நெதர்லாந்து லீக்கை எடுத்துக்கொண்டு, சரிவில் பயிற்சியாளரை நீக்கிய அணிகளையும், அதே மாதிரி சரிவில் இருந்தும் நீக்காத அணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். நீக்கிய அணிகள் மீண்டு வந்தன. நீக்காத அணிகளும் மீண்டு வந்தன. நீக்கியதால் தனியாக ஒரு நன்மையும் தெரியவில்லை. காரணம் எளிது. பயிற்சியாளரை நீக்குவது எப்போதும் மிக மோசமான கட்டத்தில்தான் நடக்கும். ஐந்து ஆட்டம் வரிசையாகத் தோற்கும் அணிக்குத் திறமைக் குறைவோடு கொஞ்சம் துரதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும். போஸ்ட்டில் பட்ட பந்து, தவறான பெனால்டி, முக்கியமான ஆளுக்குக் காயம். அந்தத் துரதிர்ஷ்டம் அதுவாகவே விலகும். அது விலகும் வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெயர் கிடைக்கும். ஷேக்ஸ்பியருக்கும் அப்படித்தான் ஆனது என்று நினைக்கிறேன். அந்த 2017 அக்டோபரிலேயே அவரையும் நீக்கிவிட்டார்கள்.

எனவே முதலில் செய்ய வேண்டியது, தோல்வி எவ்வளவு நிஜம் என்று பார்ப்பது. இன்றைக்கு அதற்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது: எக்ஸ்பெக்டட் கோல் கணக்கு. ஒவ்வொரு ஷாட்டும் எந்த இடத்திலிருந்து, எந்தச் சூழலில் அடிக்கப்பட்டது என்பதை வைத்து அது கோலாவதற்கான வாய்ப்பு என்ன என்று மதிப்பிடுவார்கள். ஒரு பெனால்டி என்றால் முக்கால் கோலுக்குக் கொஞ்சம் மேல். முப்பது மீட்டர் தூரத்திலிருந்து அடிக்கும் ஷாட் என்றால் நூறில் இரண்டு மூன்று பங்குதான். பத்து ஆட்டங்களில் ஒரு அணி நல்ல வாய்ப்புகளை உருவாக்கியும் தோற்றிருந்தால் பயிற்சியாளர் தன் வேலையைச் செய்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். பிரென்ட்ஃபோர்ட் கிளப் இப்படித்தான் யோசிக்கும். 2018 அக்டோபரில் தாமஸ் ஃபிராங்க் அங்கே பொறுப்பேற்று முதல் பத்து ஆட்டங்களில் எட்டில் தோற்றார். வேறு எந்த கிளப்பாக இருந்தாலும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். பிரென்ட்ஃபோர்ட் அனுப்பவில்லை. 2021-ல் அதே ஃபிராங்க் அந்த அணியைப் பிரீமியர் லீக்குக்கு ஏற்றினார்.

சரி, தோல்வி நிஜம்தான் என்று வைத்துக்கொள்வோம். வாய்ப்புகளும் உருவாகவில்லை, எதிரணிக்குத் தாராளமாக இடம் கிடைக்கிறது. இப்போது யார்?

ஆட்களே போதாது என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 2007-08 டெர்பி கவுண்டி. அதற்கு முந்தைய சீசன் பில்லி டேவிஸ் அந்த அணியை மேல் டிவிஷனுக்குக் கொண்டுவந்திருந்தார். வந்த இடத்தில் அடிமேல் அடி. நவம்பரில் அவர் போனார், பால் ஜூயல் வந்தார். சீசன் முடியும்வரை ஜூயலால் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க முடியவில்லை. மொத்த சீசனுக்கும் டெர்பி ஜெயித்தது ஒரே ஆட்டம். அதுவும் டேவிஸ் காலத்தில். 11 புள்ளிகள். பிரீமியர் லீக்கின் வரலாற்றில் அதைவிடக் குறைவாக இன்னும் யாரும் எடுக்கவில்லை. அங்கே யாரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தாலும் புள்ளிக் கணக்கு கொஞ்சம் கூடியிருக்கலாம், அவ்வளவுதான்.

இன்னும் சுத்தமான உதாரணம் வின்சென்ட் கொம்பனி. 2022-23-ல் பர்ன்லி அணியுடன் இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனில் 101 புள்ளிகள், சாம்பியன். அடுத்த வருடம் அதே கிளப், அதே ஆட்டமுறை, பிரீமியர் லீக்கில் 24 புள்ளிகள், மறுபடியும் கீழே. அதற்கு அடுத்த வருடம் பயர்ன் மியூனிக் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. இறக்கம் கண்ட பயிற்சியாளரை இவ்வளவு பெரிய கிளப் எடுக்கிறதே என்று சிரித்தவர்கள் நிறைய. பயர்ன் 2024-25 ஜெர்மன் சாம்பியன். பின்வரிசையிலிருந்து பாஸ் செய்துகொண்டே மேலே வருவது, பந்து பறிபோனால் எதிரணியின் பாதியிலேயே விரட்டிப் பிடிப்பது. மூன்று இடத்திலும் கொள்கை இதுதான். முதல் டிவிஷன் ஸ்ட்ரைக்கர்கள் எதிரே வந்து நெருக்கும்போது நிதானமாகப் பாஸ் செய்யும் டிஃபெண்டர்கள் பயர்னில் இருந்தார்கள், பர்ன்லியில் இல்லை.

இதில் ஒரு எதிர்வாதம் வரும், அது நியாயமானதும்கூட. ஆட்களால் முடியாத ஆட்டத்தை ஆடச் சொன்னது யார்? பயிற்சியாளர்தானே? 2024-25-ல் சவுத்தாம்ப்டன் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. ரஸ்ஸல் மார்ட்டின் கோல்கீப்பரிலிருந்து சின்னச் சின்ன பாஸ்களாகக் கட்டி வரும் ஆட்டத்தை விடமாட்டேன் என்று நின்றார். எதிரணிகள் பெனால்டி பாக்ஸ் ஓரத்தில் காத்திருந்து பந்தைப் பிடுங்கிக் கோல் அடித்தன. வாரா வாரம் அதே காட்சி. 16 ஆட்டங்களில் 5 புள்ளிகளோடு டிசம்பரில் அவரை நீக்கினார்கள். அவருக்குப் பின் வந்த இவான் யூரிச்சாலும் ஒன்றும் ஆகவில்லை, 12 புள்ளிகளோடு இறங்கினார்கள். என் தீர்ப்பு: இறங்கியதற்குக் காரணம் ஆட்களின் தரம். அவ்வளவு கேவலமாக இறங்கியதில் மார்ட்டினுக்குப் பங்கு உண்டு. கையில் இருக்கிறவர்களுக்கு எது முடியும் என்று பார்த்துத் திட்டம் போடுவது பயிற்சியாளர் வேலையின் முதல் பாடம்.

பயிற்சியாளரே பிரச்சினை என்பது பளிச்சென்று தெரிவது, ஆட்கள் மாறாமல் அவர் மட்டும் மாறி, மாற்றம் நிலைத்து நிற்கும்போது. 2019 நவம்பரில் பயர்ன் மியூனிக் ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட்டிடம் 1-5 என்று தோற்றது. (அந்த ஆட்டத்தில் பத்து நிமிடத்துக்குள் ஜெரோம் போட்டெங் ரெட் கார்டு வாங்கிப் போய்விட்டார் என்பதையும் சொல்ல வேண்டும், ஸ்கோரை மட்டும் பார்த்தால் அது தெரியாது.) நிகோ கோவாச்சை நீக்கினார்கள். ஆறு மாதம் முன்புதான் அவர் லீக்கையும் ஜெர்மன் கோப்பையையும் வாங்கிக் கொடுத்திருந்தார். உதவியாளர் ஹான்சி ஃபிளிக் வந்தார். 2020 ஆகஸ்டில் லீக், கோப்பை, சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்களின் பெரிய கோப்பை) மூன்றும் பயர்னிடம். பார்சிலோனாவை 8-2 என்று அடித்ததும் அந்த ஓட்டத்தில்தான்.

ஃபிளிக் என்ன மந்திரம் போட்டார்? பின்வரிசையை மைதானத்தின் நடுக்கோடு வரை ஏற்றினார், பந்து போன நொடியில் எல்லோரும் சேர்ந்து பாயும்படி ஆக்கினார், தாமஸ் முல்லரைத் திரும்ப நடுவில் ஆடவிட்டார். கோவாச்சின் கடைசி வாரங்களில் முல்லர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த சீசன் முடிவில் முல்லருக்கு லீக்கில் 21 அசிஸ்ட் (கோலாக மாறிய பாஸ்), அது அப்போது சாதனை. முப்பது வயதில் ஒருவர் திடீரென்று திறமைசாலி ஆகவில்லை. அவரைச் சரியான இடத்தில் நிறுத்தினார்கள்.

செல்சீயிலும் இது இரண்டு தடவை நடந்தது. 2021 ஜனவரியில் ஒன்பதாம் இடத்தில் இருந்தபோது ஃபிராங்க் லாம்பார்டை அனுப்பிவிட்டு தாமஸ் டூகலை எடுத்தார்கள். ஒரு வீரரைக்கூடப் புதிதாக வாங்காமல் முதல் 14 ஆட்டங்களில் தோல்வியே இல்லை, மே மாதம் சாம்பியன்ஸ் லீக். மூன்று சென்டர்-பேக் (பின்வரிசையின் நடுவில் நிற்கும் டிஃபெண்டர்கள்) வைத்து, அவர்களுக்கு முன்னால் இரண்டு மிட்ஃபீல்டர்களை நிறுத்தியதும் அணி கோல் வாங்குவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. அதற்கு முன் 2016-ல் புதிதாக வந்த பயிற்சியாளர் அந்தோனியோ கோன்ட்டே ஆர்சனலிடம் 0-3 தோற்ற கையோடு அதே மாதிரி மூன்று பேர் பின்வரிசைக்கு மாறி, வரிசையாக 13 லீக் ஆட்டங்கள் ஜெயித்தார். கோன்ட்டே கதையில் கான்டேயின் வருகையும் கலந்திருப்பதால் அதைப் பாதி உதாரணமாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

இனி வீரர்கள் பக்கம். வீரர்கள் கூட்டாக ஒரு அணியைக் கவிழ்த்ததற்கு மிகப் பெரிய சாட்சி 2010 உலகக் கோப்பையில் பிரான்ஸ். இடைவேளையில் பயிற்சியாளர் ரேமோன் டோமெனெக்கைத் திட்டியதற்காக நிகோலா அனெல்காவை ஊருக்கு அனுப்பினார்கள். மற்ற வீரர்கள் பயிற்சிக்கு இறங்க மறுத்துப் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களுடைய அறிக்கையை டோமெனெக்கே பத்திரிகையாளர்கள் முன்னால் படித்துக் காட்ட வேண்டி வந்தது. ஒரே ஒரு புள்ளியுடன் குரூப்பில் கடைசி இடம். இங்கே வீரர்கள் மேல் தப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அதே டோமெனெக் 2006-ல் பிரான்ஸை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனவர். அப்போது அணிக்குள் ஜினடின் ஜிடான் இருந்தார். நடுவில் 2008 ஐரோப்பியக் கோப்பையில் குரூப்பிலேயே வெளியேறினார்கள், அப்படியும் அவரை மாற்றாமல் வைத்திருந்தது பிரெஞ்சு கால்பந்து சங்கம். பஸ்ஸில் உட்கார்ந்தது வீரர்கள். அந்த நிலைமை வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தது சங்கம்.

இவ்வளவு வெளிப்படையான கலகம் அபூர்வம். சாதாரணமாக நாம் சொல்வது "டிரெஸ்ஸிங் ரூம் கைவிட்டுப் போச்சு" என்பது, அதாவது வீரர்கள் பயிற்சியாளர் பேச்சைக் கேட்பதில்லை என்று. ஜோசே மொரின்யோ 2015-ல் செல்சீயைச் சாம்பியன் ஆக்கி, அதே டிசம்பரில் 16 ஆட்டங்களில் 9 தோல்வியோடு 16-வது இடத்தில் வேலை இழந்தார். லெஸ்டரிடம் தோற்ற அன்று தன் உழைப்புக்குத் துரோகம் நடந்ததாக அவரே பேசினார். ஈடன் ஹசார்ட் அந்த லீக் சீசனின் முதல் கோலை அடித்தது ஏப்ரலில். அடுத்த வருடம் 16 கோல். வேண்டுமென்றே ஆடாமல் இருந்தார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. வேண்டுமென்றே தோற்க ஒரு வீரருக்கு லாபம் ஏதும் இல்லை, அவருடைய சந்தை மதிப்புதான் விழும். நடப்பது வேறு, அதைப் புரிந்துகொள்ள பிரஸ்ஸிங், அதாவது பந்து வைத்திருக்கும் எதிரணியைக் கூட்டாக நெருக்குவது, எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். எதிரணி டிஃபெண்டரை நோக்கி நம் ஸ்ட்ரைக்கர் ஓடுகிறார். அவர் ஓடும் அதே நொடியில் பின்னால் இருக்கும் மிட்ஃபீல்டர் அடுத்த பாஸ் போகக்கூடிய ஆளை நெருங்க வேண்டும், அவருக்குப் பின்னால் பின்வரிசை ஐந்து மீட்டர் முன்னேற வேண்டும். மூன்றும் சேர்ந்து நடந்தால் பந்து கிடைக்கும். மிட்ஃபீல்டருக்கு "இந்தத் திட்டம் சரிவருமா" என்ற சந்தேகம் வந்து அரை நொடி தயங்கினால் போதும், ஒரே பாஸில் எதிரணி வெளியே வந்துவிடும். ஸ்ட்ரைக்கர் வீணாக ஓடியதுதான் மிச்சம். இப்படி மூன்று தடவை ஏமாந்தவர் நான்காம் தடவை முழு வேகத்தில் ஓடமாட்டார். டிஃபெண்டர்கள் முதுகுக்குப் பின்னால் பந்து போய்விடும் என்று பயந்து பின்வாங்குவார்கள். அணி நீளமாக இழுபட்டுப் போகும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரியும். தொடங்கியது கால்களில் இல்லை, ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை போனதில். அந்த நம்பிக்கையை உண்டாக்கவும் காப்பாற்றவும்தான் பயிற்சியாளருக்குச் சம்பளம். ஆகவே "வீரர்கள் அவருக்காக ஆடவில்லை" என்ற குற்றச்சாட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் அது பாதிக்குமேல் பயிற்சியாளர் மேல்தான் வந்து விழுகிறது.

ஒரு வீரர் இல்லாமல் போவது தனிக்கதை. மான்செஸ்டர் சிட்டி 2024 அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் கடைசிவரை 13 ஆட்டங்களில் ஒன்றே ஒன்று ஜெயித்து ஒன்பதில் தோற்றது. பெப் கார்டியோலாவுக்குத் திடீரென்று கால்பந்து மறந்துவிட்டதா? செப்டம்பரில் ரோட்ரியின் முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. அவர் இடத்தில் ஆடத் தயாரான மாற்று ஆள் இல்லை. சுற்றியிருந்தவர்களுக்கு வயதும் ஏறியிருந்தது. கிளப் அந்தச் சரிவின் நடுவிலேயே கார்டியோலாவின் ஒப்பந்தத்தை நீட்டித்தது, சீசன் மூன்றாம் இடத்தில் முடிந்தது. ஆனால் ஒரே ஆளை நம்பி அணியைக் கட்டியதில் கார்டியோலாவுக்கும் பங்கு உண்டு. வீரர்கள் தேர்வில் அங்கே அவர் சொல்லுக்கு எவ்வளவு எடை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆட்டத்தைப் பார்த்தே இதையெல்லாம் ஓரளவு பிரித்தறியலாம். வாங்கும் கோல்கள் ஒரே அச்சில் வருகிறதா என்று பாருங்கள். கார்னரில் தூர போஸ்ட்டில் ஆள் எப்போதும் தனியாக நிற்கிறார், அல்லது வலது ஃபுல்பேக்குக்குப் பின்னால் விழும் பந்துதான் ஒவ்வொரு தடவையும் கோலாகிறது என்றால் அது பயிற்சி மைதானத்தில் சரிசெய்ய வேண்டிய விஷயம், சரிசெய்யாதவர் பயிற்சியாளர். ஒரு வாரம் கோல்கீப்பர் கைநழுவ விடுகிறார், அடுத்த வாரம் சென்டர்-பேக் வழுக்கி விழுகிறார், அதற்கடுத்த வாரம் ஸ்ட்ரைக்கர் காலியான கோலுக்கு வெளியே அடிக்கிறார் என்று கோலுக்குக் கோல் காரணம் மாறினால் வீரர்களின் தனித்தரத்தையோ பதற்றத்தையோ பார்க்க வேண்டும். கடைசி இருபது நிமிடம் வழக்கமாக நொறுங்கினால் உடல்தகுதி அல்லது பெஞ்சின் பலம். ஒருவர் பின் ஒருவராகத் தொடைத்தசை பிடித்துக்கொண்டால் பயிற்சியின் சுமையை யாராவது கேள்வி கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட நல்ல அடையாளம் இடைவேளை. எதிரணி ஏதோ ஒன்றை மாற்றியபின் நம் அணி அதற்குப் பதில் கொடுக்கப் பத்து நிமிடம் எடுக்கிறதா, முப்பது நிமிடம் எடுக்கிறதா, எடுப்பதே இல்லையா என்று பாருங்கள்.

இன்னொரு சோதனை, அந்த அணியை விட்டுப் போனவர்கள் என்ன ஆகிறார்கள் என்பது. இதில் மான்செஸ்டர் யுனைடெட் ஒரு பாடப்புத்தகம். 2013-ல் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்றபின் டேவிட் மொய்ஸ், லூயி வான் கால், மொரின்யோ, சோல்ஷயர், இடைக்காலத்துக்கு ராங்னிக், டென் ஹாக், அமோரிம் என்று வரிசையாக வந்தார்கள். 2024-25-ல் 42 புள்ளிகளுடன் 15-வது இடம். இத்தனை பேரும் திறமையில்லாதவர்களாக இருக்க முடியாது. வேறு கிளப்களில் கோப்பை குவித்தவர்கள் இதில் இருக்கிறார்கள். வீரர்கள் பக்கம் பார்த்தால், 2024-ல் யுனைடெட் விற்ற ஸ்காட் மெக்டோமினே நேப்பிள்ஸுக்குப் போய் முதல் வருடமே இத்தாலிய லீக்கை ஜெயித்து, அந்த சீசனின் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். அங்கே பயிற்சியாளர் அதே கோன்ட்டே. பெனால்டி பாக்ஸுக்குள் தாமதமாக ஓடிவரும் ஆள் மெக்டோமினே என்று புரிந்து அதற்கேற்றபடி நிறுத்தினார்.

பயிற்சியாளர்களும் சரி, வீரர்களும் வெளியே போனால் சரி என்றால் மிச்சம் இருப்பது யார்? பந்தை வைத்துக்கொண்டு ஆடும் ஒரு பயிற்சியாளருக்காகச் சிலரை வாங்கி, எதிர்த்தாக்குதல் ஆடும் அடுத்தவருக்காக வேறு சிலரை வாங்கி, விங்கர்களை நம்பும் இன்னொருவருக்காக மேலும் சிலரை வாங்கி, கடைசியில் ஓரத்தில் ஆடும் விங்கர்களுக்கே இடமில்லாத 3-4-3 அமைப்பில் ஆடும் அமோரிமைக் கொண்டுவந்தது நிர்வாகம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அதே காலத்தில் ஆர்சனல் வேறு வழி போனது. மிகெல் ஆர்டெட்டாவின் முதல் இரண்டு சீசனும் எட்டாம் இடம். 2020 கிறிஸ்துமஸ் அன்று 15-வது. 2021-22 தொடக்கத்தில் மூன்று ஆட்டமும் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் பட்டியலின் அடியில். நிர்வாகம் அசையவில்லை. பயிற்சியாளரை மாற்றுவதற்குப் பதில் ஆட்களை மாற்றினார்கள். ஒசில் போனார், அப்போதைய கேப்டன் ஔபமேயாங் போனார், இளவயது வீரர்கள் ஆர்டெட்டாவின் ஆட்டத்துக்கு என்றே வாங்கப்பட்டார்கள். ஐந்தாம் இடம், பிறகு வரிசையாக மூன்று தடவை இரண்டாம் இடம். இதை வைத்துப் பொறுமைதான் எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்ல வரவில்லை. பொறுமை காட்டி இறங்கிப்போன கிளப்களின் பெயர் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் முதலில் பயிற்சியாளர் தலை உருளுகிறது? கணக்கு அப்படி. அணியில் இருபத்தைந்து பேருக்குப் பல வருட ஒப்பந்தம் இருக்கும். விற்பதற்கும் வாங்குவதற்கும் வருடத்தில் இரண்டு டிரான்ஸ்ஃபர் காலம்தான். தோற்கிற அணியின் ஆட்களுக்கு நல்ல விலையும் கிடைக்காது. பயிற்சியாளர் ஒருவர், ஒரு நஷ்ட ஈட்டுத் தொகை, ஒரே நாளில் முடிந்துவிடும். ரசிகர்களின் கோபமும் சில வாரம் தணியும். நிர்வாகம் தன்னைத்தானே நீக்கிக்கொள்ளாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் "தப்பு யாருடையது", "யாரை மாற்ற வேண்டும்" என்ற இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. தப்பு செய்யாத பயிற்சியாளரையும் சில நேரம் மாற்றத்தான் வேண்டியிருக்கும், அவர் சொல் வீரர்கள் காதில் ஏறாமல் போயிருந்தால். அதற்கு 2014-15-ல் ஜெர்மன் கிளப் டார்ட்மண்ட் நல்ல உதாரணம். யூர்கன் கிளாப் அங்கே ஏழாவது வருடம். கோட்ஸேவும் லெவன்டோவ்ஸ்கியும் அடுத்தடுத்த வருடங்களில் பயர்னுக்குப் போயிருந்தார்கள். பிப்ரவரியில் அணி பட்டியலின் கடைசி இடத்தில். கிளப் அவரை நீக்கவில்லை, அணி ஏழாம் இடம்வரை ஏறி வந்தது. வாய்ப்புகளின் கணக்கைப் பிறகு அலசியவர்கள், அந்த அணி ஆடிய ஆட்டத்துக்குக் கடைசி இடம் வெறும் துரதிர்ஷ்டம் என்றே கண்டார்கள். லிவர்பூல் கிளாப்பை எடுக்க முடிவு செய்ததில் அந்த அலசலுக்கும் பங்கு உண்டு. இருந்தாலும் ஏப்ரலிலேயே, இந்த அணிக்குச் சரியான பயிற்சியாளர் இனி நான் இல்லை என்று சொல்லிவிட்டு அவராகவே விலகினார். அடுத்த சீசன் ஹும்மெல்ஸ், ரோய்ஸ், ஔபமேயாங், மகிதாரியான் என்று ஏறக்குறைய அதே ஆட்களை வைத்து டூகல் 78 புள்ளிகள் எடுத்து இரண்டாம் இடம் பிடித்தார். கிளாப் லிவர்பூலில் 2019-ல் சாம்பியன்ஸ் லீக்கும் 2020-ல் லீக்கும் ஜெயித்தார். பயிற்சியாளரும் மோசமில்லை, வீரர்களும் மோசமில்லை. ஆனாலும் அவர்கள் பிரிந்தது இரண்டு பக்கத்துக்கும் நல்லதாகவே முடிந்தது.